பத்திரிகை வைக்காத விருந்தாளி

"நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெரியவர் இளமதியைக் கேட்டார்.

"பொண்ணு வீடு" என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தாள். கல்யாண மண்டபத்தில் நுழைய இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். ஆனால் சிதம்பரம் பைபாஸ் ஓரத்து அந்த மண்டபத்தில் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

அவளுக்குக் கடலூரில் குழந்தைகள் உதவி மையத்தில் வேலை. விடிந்ததும் ஒரு போன் வந்தது. பெண்ணுக்கு இன்னும் பதினாறுகூட ஆகவில்லை, பத்தரைக்குத் தாலி கட்டப் போகிறார்கள் என்று யாரோ கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

போன மாதம் திட்டக்குடிப் பக்கம் இப்படித்தான் ஒரு போனை நம்பிப் போய்க் கல்யாணத்தை நிறுத்தினாள். அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. பங்காளிச் சண்டையில் யாரோ கோள் மூட்டியிருந்தார்கள். மணமேடையில் அவள் அழுத அழுகை இன்னும் இளமதியின் காதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் எஸ்.ஐ. ஜெயப்பிரகாஷ் ஜீப்பை எதிர் டீக்கடையில் நிறுத்திவிட்டுக் கறாராகச் சொல்லியிருந்தார்.

"வயசுக்கு ஆதாரம் கொண்டாங்க மேடம். இன்னொரு தடவ அசிங்கப்பட என்னால முடியாது."

மணி பத்து. மணமகள் அறையில் பெண்ணுக்கு ஜடை தைத்து முடித்திருந்தார்கள். பூவின் கனம் தாங்காமல் அவள் தலை பின்னால் சாய்ந்தது. இளமதி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உம் பேரென்னம்மா?"

"இலக்கியா."

"என்ன படிக்கிற?"

"யாருங்க நீங்க?"

வாசலில் நின்று கேட்டவள் பெண்ணின் அம்மா தங்கம்மாள். பின்னாலேயே அவள் அண்ணன் ராஜமாணிக்கம். பெண்ணுக்குத் தாய்மாமன், இன்றைக்குச் சம்பந்தியும்கூட.

இனி மறைத்துப் பயனில்லை. "கடலூர்லேருந்து வர்றேன். குழந்தைகள் உதவி மையம். பொண்ணு வயசப் பத்தி ஒரு புகார் வந்திருக்கு."

ராஜமாணிக்கம் அசரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். "நல்லாப் பாருங்க. பதினெட்டு முடிஞ்சி மூணு மாசம் ஆவுது."

அட்டையில் அப்படித்தான் இருந்தது. திருத்தியதா, நிஜமா என்று இளமதிக்குத் தெரியவில்லை.

"பொறந்த சர்ட்டிபிகேட், இல்லன்னா ஸ்கூல் சர்ட்டிபிகேட்..."

"அதெல்லாம் சேத்தியாத்தோப்புல வெள்ளம் வந்தப்பவே போயிடுச்சி."

ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் விசாரிக்கவும் வழியில்லை. இளமதி பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா."

இலக்கியா வாய் திறப்பதற்குள் தங்கம்மாள் பொங்கினாள்.

"அவள என்ன கேக்கறீங்க? ஒங்களுக்கு யாரு பத்திரிக வெச்சா? நல்ல காரியம் நடக்குற எடத்துல வந்து குறுக்க நிக்கிறீங்களே, நீங்களும் ஒரு பொம்பளதானா? மொதல்ல எழுந்திரிங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெற்றவளே இப்படிக் கொதிக்கிறாள் என்றால் இதுவும் பொய்ப் புகாராகத்தான் இருக்கும். மறுபடியும் ஒரு பெண்ணின் நல்ல நாளைக் கெடுக்க வந்துவிட்டோமே என்று இளமதி கூனிக் குறுகிப்போனாள்.

வாசல் மேசையில் தாம்பூலப் பைகள் அடுக்கியிருந்தன. தங்கம்மாள் நின்றாள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து இளமதியின் கையில் திணித்தாள்.

"இவளுக்கு இது ஒண்ணுதான் கொறச்சலா?" என்றார் கூடவே வந்த ராஜமாணிக்கம்.

"பொம்பளய வெறுங்கையோட அனுப்புனா எம் பொண்ணுக்குத்தாண்ணே ஆவாது" என்றாள் தங்கம்மாள். பிறகு இளமதியிடம், "தேங்கா, வெத்தல இருக்கு. எடுத்துகிட்டு கெளம்புங்க."

சாலையைக் கடந்து ஜீப்புக்கு வந்தாள். மண்டபத்தில் நாயனச் சத்தம் உரக்கக் கேட்டது. மணி பத்து இருபது.

"ஆதாரம் கெடச்சுதா மேடம்?" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"இல்ல சார். பொண்ணோட அம்மாவே தொரத்திட்டாங்க."

"நான் அப்பவே நெனச்சேன். ஏறுங்க, போலாம்."

ஜீப் கிளம்பிய குலுக்கலில் பை சரிந்து, தேங்காய் உருண்டது. எடுத்துப் போடக் குனிந்தவள், வெற்றிலைக்கு அடியில் நாலாக மடித்திருந்த தாளைப் பிரித்தாள். இலக்கியாவின் பிறப்புச் சான்றிதழ். பதினாறு முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது.

அதன் ஓரத்தில் பேனாவால் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'எங்க அண்ணன் எதிர்ல நான் ஒங்களத் திட்டுவேன். அதுக்காக எம் புள்ளைய வுட்டுட்டுப் போயிடாதீங்க.'