சிவந்த வளையம்

கடல் விழுங்கிய கரையிலிருந்து வந்தவர்களின் முகாம் அது. ஒவ்வொருவர் கையிலும் காய்ச்சலைக் காட்டும் வளையம் மாட்டியிருந்தது. அமலியின் மகள் பெனிட்டாவின் வளையம் காலையில் சிவந்ததும், அவர்கள் இருந்த கொட்டகை வரிசையின் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

"டாக்டர் எப்ப சார் வருவாரு?" என்று கம்பிக்கு வெளியே நின்ற அதிகாரியிடம் கேட்டாள் அமலி.

"நோய் ஊருக்குள்ள பரவாம பாத்துக்கிறதுதாம்மா எங்க வேலை. வைத்தியம் பாக்குறது இல்ல."

மதியத்துக்குள் பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆத்திரம் பொங்க அமலி உலை வைத்தாள். வரிசையிலிருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு, வளையத்தை ஆவியில் காட்டச் சொன்னாள். எல்லா வளையமும் சிவந்தது.

அபாயச் சங்கு அலறியது. மூன்று டாக்டர்கள் ஓடி வந்தார்கள்.

"எத்தனை பேருக்குக் காய்ச்சல்?"

"இவ ஒருத்திக்குத்தான்" என்று மகளை நீட்டினாள் அமலி. "ஒருத்திக்குன்னா நீங்க வரமாட்டீங்களே!"