டிராகன் கதையின் மூன்றாம் பாகம்

பள்ளி நூலகத்தின் புத்தகங்கள் கைப்பட்டை கட்டினால்தான் திறக்கும். படிக்கும் பிள்ளையின் நாடித்துடிப்பைப் பார்த்து அந்தப் பட்டையே அடுத்த புத்தகத்தைப் பரிந்துரைக்கும். டிராகன் கதையின் இரண்டாம் பாகம் முடிந்ததும் பதிமூன்று வயது இதழினிக்கு இந்த வாரம் வந்தது, ஆறு வயதுக்காரர்களுக்கான முயல் கதை.

"டிராகன் தனியா சாப்பிட்டதுக்கு நான் பதினோரு தடவ அழுதேனாம். மூணாம் பாகத்த என் மனசு தாங்காதாம். கிளாஸே சிரிக்குதும்மா! யாரு என் பட்டையக் கட்டுனது?"

நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தின்மேல் பழியைப் போடலாமா என்று செண்பகவல்லி ஒரு கணம் யோசித்தாள். மாமனார் சாவுக்கே கலங்காதவள் அவள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு தட்டைப் போட்டுக்கொள்ளும் ஒரு டிராகனிடம் மட்டும் ஏன் உடைந்துபோனாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"நான்தான்டி. அது குகைக்குள்ள போனப்புறம் என்னாச்சுன்னு தெரியணும்."

"எனக்கும்தான் தெரியணும்!" இதழினி பட்டையை அம்மாவின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். "கெடுத்தது நீ, நீயே சரிபண்ணு. இந்த முயல் கதைய ஒரு சொட்டு அழாம முடி. அப்பதான் மூணாம் பாகம் தரும்."

செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். இரண்டாம் வரியிலேயே உதடு துடித்தது.

"ஏன்டி," என்றாள் கம்மிய குரலில், "இந்த முயலோட ஒத்தச் செருப்பக் காணோமாமே?"