சதுரமாக உதிர்ந்த முடி

பூனையின் இடுப்பில் முடி போன இடம், அளவெடுத்ததுபோல் சதுரமாக இருந்தது. அதுதான் புனிதாவுக்கு விளங்கவில்லை. மூன்று நாளாக லட்சுமியை வீட்டுக்குள்ளேயே அடைத்துவைத்து வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். கேட்கவில்லை. கூடையில் போட்டுக்கொண்டு திண்டிவனத்துக் கால்நடை டாக்டரிடம் வந்துவிட்டாள்.

“படர்தாமரைங்களா டாக்டர்?”

டாக்டர் அருணா பூனையை மேசைமேல் நிறுத்தினார். “சொறியுதா? அந்த எடத்த நக்கிக்கினே இருக்குதா?”

“இல்லீங்க. நல்லாத்தான் துன்னுது.”

“வெளிய போவுமா?”

“சாயங்காலம் போனா காலையிலதாங்க வரும். போன வாரம் நாலு நாளு ஆளையே காணோம். திரும்பி வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு.”

டாக்டர் எண்ணெயைத் துடைத்தார். நடுவில் சின்னத் தழும்பு தெரிந்ததும் சிரித்துவிட்டார்.

“இது நோயே இல்லம்மா. குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்றப்போ, நான்தான் இங்க ஷேவ் பண்ணேன். முடி தானா வளந்துடும்.”

“நான் இத கொண்டாரவே இல்லியே!”

“ரோஜான்னு ஒருத்தங்க கொண்டாந்தாங்க. அவங்க வீட்டுல இது பேரு ஏஞ்சல்.”

‘ஏஞ்சல்’ என்றதும் பூனை நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தது. புனிதாவுக்குச் சுருக்கென்றது.

“லட்சுமி...”

அவளையும் அதேபோலத் திரும்பிப் பார்த்தது.

“மூணு நாளா ஏஞ்சலக் காணோம்னு அந்தம்மா போன்ல ஒரே அழுகை. நான் என்ன சொல்லட்டும்?”

புனிதா பூனையைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தாள்.

“எப்பவும்போல சாயங்காலம் வந்துடும்னு சொல்லுங்க டாக்டர்.”