ஆம்பளைகளைக் காணோம்!

"ஏம்மா, இந்த ஊர்ல ஆம்பளைங்களே கிடையாதா?"

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டார் கல்யாணராமன்.

"இருக்காக சாரு. சோலியா வெளியூரு போயிருக்காக," என்றாள் மாயக்காள், தலையில் இருந்த மண்சட்டியை இறக்காமலே. அவள் வைத்ததுதான் அந்த ஊர்ப் பெண்களுக்குச் சட்டம்.

"அத்தனை பேருமா?"

"அம்புட்டுப் பேரும்தேன்."

கல்யாணராமன் மதுரையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் பேராசிரியர். நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் அவர்தான் பொறுப்பு. பரவையைத் தாண்டி உள்ளே கிடக்கும் நெட்டியம்பட்டியில், பல வருஷமாய் மண் மேவிக் கிடந்த ஊருணியைத் தூர் வார மாணவர்களோடு வந்து கேம்ப் போட்டிருந்தார். வந்த நாளிலிருந்து பெண்கள் வரிசையாக வந்து மண் சுமந்தார்கள். ஆனால் பல்லுப் போன கிழவர்கள் இரண்டு பேரைத் தவிர, மீசை வைத்த ஒருத்தரைக்கூடக் கண்ணில் காணோம்.

அதுதான் அவருக்குப் பெரிய கவலை. பிரின்சிபால் விஸ்வேஸ்வரன் கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்: "நம்ம பசங்க மட்டும் மண்ணு வெட்டினா அதுக்குப் பேரு கூலி வேலை. ஊரே சேர்ந்து நின்னாத்தான் அது சேவை. கடைசி நாள் வந்து பார்ப்பேன். ஊரு இல்லேன்னா, அடுத்த வருஷம் கேம்ப்பும் இல்லே."

இந்தக் கேம்ப்புக்காக அவரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவர் கல்யாணராமன். அது போய்விட்டால் அவருக்கு உயிரே போன மாதிரி.

அன்று சாயங்காலம் மாணவர் தலைவன் நல்லகாமன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"சார், விஷயம் தெரிஞ்சுபோச்சு. நாம கேம்ப்னு போர்டு வச்சிருக்கோம்ல? இந்த எமர்ஜென்சி நேரத்துல, ஊர்நாட்டுல கேம்ப்னா ஒரே கேம்ப்தான் சார். கருத்தடை ஆபரேஷன் கேம்ப்! வேன்ல அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிருவோம்னு பயந்து, அம்புட்டுப் பேரும் கரட்டடித் தோப்புல ஒளிஞ்சிருக்காக. பொம்பளைகதான் கஞ்சி கொண்டுபோய்க் குடுக்குறாக."

பெயரில் மட்டும் கல்யாணத்தை வைத்திருந்த கல்யாணராமனுக்குக் காது நுனி வரை சிவந்துவிட்டது. விழுந்தடித்துக்கொண்டு மாயக்காளிடம் ஓடினார்.

"அம்மா, நாங்க அந்தக் கேம்ப் இல்லைம்மா! இது சும்மா வெட்டுற கேம்ப்..."

"வெட்டுற கேம்ப்பா!"

"ஐயையோ, மண்ணு! மண்ணை மட்டும்தான் வெட்டுவோம்! அவங்களைத் தைரியமா வரச் சொல்லுங்கம்மா."

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாயக்காள் மட்டும் சிரிக்கவில்லை. "கஞ்சி கொண்டு போகையில சொல்லிவிடுறேன் சாரு," என்றாள்.

மறுநாளும் ஒரு தலை தென்படவில்லை.

"சொன்னீங்களாம்மா?"

"தொண்டத் தண்ணி வத்தச் சொன்னேன். நம்ப மாட்டேங்கிறாகளே!"

இனி நாமே போய்விடுவது என்று முடிவு செய்தார் கல்யாணராமன். போனவர் சும்மா போயிருக்கலாம். சலவை வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கையில் தோல் பை, வாயில் விளையாட்டு விழாவுக்கு வைத்திருந்த தகரக் கூம்பு! "பயப்படாதீங்க! ஒண்ணும் பண்ண மாட்டோம்! அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க!" என்று அவர் கூவியதுதான் தாமதம், தோப்பே எழுந்து கரட்டுக் குன்றின் மேல் ஓடியது. ஒருத்தர் முள்ளில் மாட்டிய வேட்டியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி நாளும் வந்தது. பிரின்சிபால் காரை விட்டு இறங்கினார். ஆழமாய் வெட்டிச் சரிவு கட்டியிருந்த ஊருணியைச் சுற்றி நடந்து பார்த்தார். மாணவர்களும் பெண்களும் சட்டியைக் கைமாற்றி மாற்றி மண் சுமந்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாம் சரி கல்யாணராமன். ஆண்கள் எங்கே? ஊரு சேரணும்னு சொன்னேனே?"

கல்யாணராமன் கரட்டுப் பக்கம் பார்த்தார். மாயக்காள்தான் முன்னால் வந்தாள்.

"ஏஞ் சாரு, எங்களப் பாத்தா ஊராத் தெரியலயா?"

பிரின்சிபால் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "தப்புதாம்மா. அடுத்த வருஷமும் கேம்ப் உண்டு, போதுமா?" என்றார். கல்யாணராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாமான்களை ஏற்றிக் கிளம்பும்போது அவருக்கு மனசு கேட்கவில்லை. மாயக்காளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. எவனோ கிளப்பிவிட்ட புரளியால உங்க வீட்டு ஆம்பளைங்க முள்ளுலயும் கல்லுலயும் கிடந்து சீரழிஞ்சுட்டாங்க."

மாயக்காள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"அந்தப் புரளியக் கிளப்பினதே நாங்கதேன் சாரு. நீங்க சொல்லிவிட்டப்பவும், 'வேனு வந்துருச்சு, இன்னும் உள்ள போயிருங்க'ன்னுதேன் சொன்னோம். தூர் வாரணும்னு வருசா வருசம் கூடுவாக. முத வெட்டு மேலத்தெருவா, கீழத்தெருவான்னு அடிச்சுக்கிட்டுக் கலைஞ்சு போவாக. தண்ணிக்கு அலைஞ்சு எங்க காலுதேன் தேஞ்சுச்சு. இந்த ஆம்பளைக ஊர்ல இருந்திருந்தா, இந்நேரம் மண்டைதேன் வெட்டுப்பட்டிருக்கும், மண்ணு வெட்டுப்பட்டிருக்காது!"