ஏழாவது எபிசோடிலிருந்து வேறு குரல்

கேப்டன் மறுபடியும் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அவள் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தட்டில் முருங்கைக்கீரை. கை பாட்டுக்கு ஆய்ந்துகொண்டிருந்தது.

இந்தத் தொடரில் ஆளாளுக்கு ஜன்னலோரம் நிற்கிறார்கள். வெளியே ஒன்றும் கிடையாது, இருட்டும் நாலு நட்சத்திரமும்தான். அதைப் போய் அப்படிப் பார்க்கிறார்கள். அவ்வளவு பெரிய விண்கலத்தில் ஒருத்தர் அடுப்பு மூட்டி அவள் பார்க்கவில்லை. ஒருத்தர் துணி காயப்போட்டும் பார்க்கவில்லை. பச்சை ரத்தக்காரர்கள் எதற்காக இவர்களைத் துரத்துகிறார்கள் என்று இதுவரை யாரும் சொல்லவும் இல்லை.

ஆனால், நேற்றுவரை கேப்டன் வாயைத் திறந்தால் அவள் கணவர் பேசினார்.

கதிரேசன். டப்பிங் கலைஞர். வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் பேசிக் கொடுத்தே தலை நரைத்தவர். போலீஸ்காரன், கொள்ளைக்காரன், ஒருமுறை கரடி. வீட்டில் காபி ஆச்சா என்று கேட்ட அதே குரல், இங்கே எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்று கேட்டது.

அவர் பேசிய தொடர் எது வந்தாலும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பார். திரையைப் பார்க்கமாட்டார். அவள் முகத்தைத்தான் பார்ப்பார்.

முடிந்ததும், எப்படி என்பார்.

பரவாயில்லை என்பாள். எல்லாவற்றுக்கும் அதே பரவாயில்லைதான். மனிதர் சளைக்காமல் அடுத்த முறையும் கேட்பார்.

இந்தத் தொடருக்குப் பேசிக்கொண்டிருந்த சமயம் ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னிக்கு ஒரு வசனம் கிடையாது. சாயங்காலம் வரைக்கும் மூச்சு மட்டும்தான் விட்டேன். சீசன் பூராவுக்கும் சேர்த்து."

தொண்டை களைப்பதற்கு முன்னால் மூச்சு, முனகல், இருமல் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்வது அந்த ஸ்டுடியோவின் வழக்கமாம்.

இதற்கெல்லாமா ஆள் வேண்டும் என்றாள் அவள். ரசத்தை ஊற்றினாள்.

வசனம் முழுவதையும் அவர் பேசி முடிக்கவில்லை. ஸ்டுடியோவுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அவள் அழவில்லை.

தூக்கிக்கொண்டு போனபோது அழவில்லை. காரியத்தன்று அழவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று நாத்தனார் சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

படுத்தால் தூக்கம் வந்தது. அதுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சின்ன வயதில் கிரிக்கெட் பந்து பட்டு வளைந்த மூக்கு அவருக்கு. பேசும்போது ஒன்றும் தெரியாது. சும்மா மூச்சு விட்டால் விசிலடிக்கும். திரும்பிப் படுங்க என்று தூக்கத்திலேயே தோளைப் பிடித்துத் தள்ளுவாள். திரும்பிப் படுப்பார். கொஞ்ச நேரம் சத்தமிருக்காது. இப்போது விடிகிறவரை சத்தமில்லை.

குரலைக் கேட்டாலாவது அழுகை வருமா என்றுதான் இந்தத் தொடரைப் போட்டாள். தினமும் மத்தியானம், ஒரு எபிசோடு.

வரவில்லை. கதைதான் மனதில் ஏறியது. அதுவும் அரைகுறையாக. இரண்டாவது எபிசோடு இழுவை. மூன்றாவதில் கொட்டாவி விட்டாள், அவர் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே. நாலாவதில், மகள் அனுப்பிய வீடியோவைப் பார்க்கத் தைரியமில்லாமல் கேப்டன் மூடிவைக்கிற இடம் நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. பக்கத்தில் திரும்பினாள், சொல்வதற்கு.

நேற்று ஆறாவது முடிந்ததும் மகள் சங்கவி புனேவிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, இதோட நிறுத்திக்கோ. ஏழாவதுலேர்ந்து அப்பா வாய்ஸ் இல்ல. வேற யாரோ பேசியிருக்காங்க."

"சரிம்மா."

சரி என்று சொல்லிவிட்டு இன்றைக்கு ஏழாவதைப் போட்டுவிட்டாள். எதையும் பாதியில் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. சங்கவி தப்பாகக்கூடச் சொல்லியிருக்கலாம்.

ஜன்னலிலிருந்து கேப்டன் திரும்பினான். வாயைத் திறந்தான்.

யாரோ.

குறை சொல்ல முடியாது, நல்ல குரல்தான். அவரைவிடக் கொஞ்சம் இளசு. உச்சரிப்பு சுத்தம்.

அவள் ஒரு காம்பைக் கிள்ளி ஓரமாகப் போட்டாள். தீர்ந்தது. அந்த மனிதரிடமிருந்து இனிமேல் வருவதற்கு ஒன்றும் இல்லை. இப்போதாவது ஏதாவது வரும் என்று நெஞ்சுக்குள் கவனித்துப் பார்த்தாள். அடுப்பில் பருப்பை வைத்தோமா என்ற யோசனைதான் வந்தது.

திரையில் ஏதோ மணி அலறியது. விண்கலத்துக்கு வெளியே பழுது. புதுக்குரலில் நாலு கட்டளை போட்டுவிட்டு, கேப்டன் ஹெல்மெட்டை மாட்டினான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டில் இறங்கினான்.

பேச்சு இல்லை. இசை இல்லை.

மூச்சு மட்டும்.

இழுத்து, விட்டு.

இழுத்து, விட்டு.

விடும்போது, கடைசியில், மெல்லிசாக ஒரு விசில்.

அவள் நிமிரவில்லை. கீரையிலேயே கண்.

"திரும்பிப் படுங்க" என்றாள்.

சொல்லும்போதே இடது கை தானாகப் பக்கத்தில் நீண்டு, தோள் இருக்கும் உயரத்தில் தள்ளியது.

குஷன் உருண்டு தரையில் விழுந்தது.

விசில் நிற்கவில்லை.