வெள்ளிக்கிழமைத் தலைப்பு

கல்லூரிக் கட்டுரை வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் விவாதத்துக்குத் தலைப்புக் கொடுப்பது தமிழாசிரியர் சத்தியநேசனின் வழக்கம். போன வாரம், ‘கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாமா?’ இன்று, ‘சீதனம் கேட்பது முறையா?’

வகுப்பு முடிந்ததும் கணக்கு வாத்தியார் எலியேசர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன வே, டில்லியில வெள்ளக்கார ராசா தர்பாரு நடக்கப் போகுது. அதப் பத்திப் பேசச் சொல்லாம, பயலுவள அடுப்படியிலயே உக்கார வைக்கீரு?”

“இதவிட நல்ல தலைப்பு இந்தக் காலேஜுல யாருக்கும் தோணாது வே” என்றார் சத்தியநேசன், நெஞ்சை நிமிர்த்தி.

“பெருமைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. எவனாவது ஒழுங்காப் பேசுதானா?”

“முக்கூடல் ஊர்க்காரப் பய தேவதாசன் பேசுதான். சீதனம் கேட்டு வாங்குனவன் பொண்டாட்டி முகத்த எப்படிப் பாப்பான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சானுவ. அவன் விடாமப் பேசி முடிச்சிட்டுத்தான் உக்காந்தான்.”

வீட்டுக்கு வந்த சத்தியநேசன், கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடும் மகள் பியூலாவிடம் வகுப்பில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தேவதாசன் பேசியதை மட்டும் அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

“சரி, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நீ என்ன தலைப்பு எழுதி வச்சிருக்கம்மா?” என்றார்.

பியூலா தலைகுனியவில்லை.

“இனிமே தலைப்பு வேண்டாம்ப்பா. முக்கூடலுக்குப் போயி அவங்க வீட்டுல பேசுங்க.”