முகம் பார்த்த தீர்ப்பு

மகன் செத்த கதையைச் சொல்லும்போதும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பந்தெலிஸ் குளிர்ந்த காபியை உறிஞ்சியபடி திரையைப் பார்த்தார். அவர் ஏதென்ஸில், அவள் கடலுக்கு நடுவே, தீவு முகாமில். இருபத்திரண்டு வருடமாக அகதி விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்து பழகிய கண்களுக்கு ஒரு முகத்தைப் படிக்க அரை நிமிடம் போதும்.

மேஜைக்கு எதிர்ப்புறம், திரையின் முதுகைப் பார்த்தபடி கலியோப்பி உட்கார்ந்திருந்தாள். விசாரணைகளின் தரத்தையும் நியாயத்தையும் உயர்த்துவதற்காகத் தலைமையகம் அனுப்பிய பெண். கையில் நாலு பக்கப் படிவம்.

தரமாம், நியாயமாம்! இவள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே பொய்யை வாசனையில் பிடித்தவராக்கும் பந்தெலிஸ்.

"பையனை வண்டியில ஏத்திக்கிட்டுப் போனது என்ன கிழமைன்னு கேளு."

மூலையில் காதில் ஹெட்போனோடு இருந்த மொழிபெயர்ப்பாளன் ஹமிதுல்லா கேட்டான். அவள் குரல் அவன் காதுக்கு மட்டும்தான். புரியாத பாஷையைக் கேட்டால் தலைவலி வருகிறது என்று ஒலிபெருக்கியை மூடிவைத்திருந்தார் பந்தெலிஸ்.

வெகு நேரம் கழித்து, "செவ்வாய்க்கிழமை சார்" என்றான் ஹமிதுல்லா.

"போன தடவை புதன்னு சொல்லியிருக்காளே! பெத்த பிள்ளை போன நாள்கூடவா மறந்துபோச்சு?"

"தூக்கிட்டுப் போனது செவ்வாய். உடம்பு கிடைச்சது புதன். அப்படிச் சொல்றாங்க சார்."

"நல்லாத்தான் சமாளிக்கிறா."

"சார்... ஒரு அஞ்சு நிமிஷம் விட்டா நல்லது. அவங்களால இப்ப..."

"ஏம்ப்பா, மொழிபெயர்க்கத்தான் உனக்குச் சம்பளம். வக்கீல் வேலையை வக்கீல் பாத்துக்குவான்."

அவளுக்கு வக்கீலே கிடையாது என்பது வேறு விஷயம்.

திரையின் ஓரத்தில் தீவிலிருந்து மறுபடியும் ஏதோ செய்தி மின்னியது. இதையும் படிக்காமலேயே மூடினார். கரண்ட் இல்லை, கப்பல் வரவில்லை என்று எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும் ஜென்மங்கள். அவள் தலைக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் பத்து இருபது காட்டியது. இங்கே அவர் கையில் மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. ஒரு பேட்டரி மாற்றத் துப்பில்லை, இவர்களுக்கெல்லாம் ஒரு அலுவலகம்!

"போதும். முடிஞ்சுதுன்னு சொல்லிடு."

ஹமிதுல்லா சொன்னான். ஹெட்போனைக் கழற்றி வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போனான்.

"பாத்தீங்களா மேடம்? சொன்னவளுக்கு ஒண்ணும் ஆகல, கேட்டவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போறான்!" பந்தெலிஸ் எள் ஒட்டிய வளைய ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "ம், உங்க படிவத்துல என்ன கேக்குறாங்க?"

"விண்ணப்பதாரரோட முகத்தைக் கவனிச்சீங்களான்னு ஒரு கேள்வி சார்."

"ஆமான்னு போடுங்க. அழுத்திப் போடுங்க. நான் எடுக்குற முடிவே முகத்தை வெச்சுத்தான்."

ரொட்டித் துகளைத் தட்டிவிட்டு, தட்டச்சு செய்துகொண்டே கலியோப்பிக்காக உரக்கப் படித்தார். "மகனின் மரணத்தை விவரித்தபோது விண்ணப்பதாரரின் முகத்தில் துயரத்தின் சாயல்கூட இல்லை. விசாரணை முழுவதும் புன்னகைத்தபடியே இருந்தார். எனவே இவரது கூற்று நம்பத்தகுந்ததல்ல. விண்ணப்பம் தள்ளுபடி."

தள்ளுபடி என்றால் மாஹ்குல் என்ற அந்தப் பெண்ணும், மிச்சமிருக்கும் ஒரே மகளும், தப்பி வந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

கலியோப்பி பேனாவை மூடவில்லை. "துக்கம் ஆளுக்கு ஆள் வேற மாதிரி இருக்கும் சார். எல்லாருமா அழுவாங்க?"

"அழலைன்னா பரவாயில்ல மேடம். இவ கண்ணைக்கூடச் சிமிட்டல! ஆரம்பத்துல வணக்கம் சொன்னப்ப சிரிச்சா பாருங்க, அதே சிரிப்பு, கடைசி வரைக்கும். கல்நெஞ்சக்காரி. ஒரு சொட்டு முதலைக் கண்ணீராவது விட்டிருக்கலாம். பொய் சொல்ல வந்தவளுக்கு நடிக்கக்கூடத் தெரியல."

அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை நிறுத்தினார். இந்த மாதிரி ஒரு விசாரணையைத் தலைமையகமே நேரில் பார்த்திருக்க வேண்டும்! கலியோப்பியும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுத் தீவு முகாமை அழைத்தார்.

"மார்த்தா, அவளை எழுப்பி வெளிய அனுப்பு. தீர்ப்பு இப்ப வந்துரும், கையெழுத்து வாங்கிக்கோ."

"கொஞ்சம் பொறுங்க சார். இப்பத்தான் மூஞ்சியில தண்ணி தெளிச்சு உக்கார வெச்சிருக்கோம்."

"ஓ! நடிப்பெல்லாம் இப்பத்தான் ஆரம்பமா?" பந்தெலிஸ் கலியோப்பியைப் பார்த்துக் கண்ணடித்தார். "அதை விடு. முதல்ல அந்தச் சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி வாங்கிப் போடு. காலையிலேருந்து பத்து இருபதுலயே நிக்குது. பாக்குறவங்க காறித் துப்புவாங்க."

மறுமுனையில் மார்த்தா நாற்காலியைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"கடிகாரம் நல்லாத்தான் ஓடுது சார். பத்து இருபதுக்கு நின்னுபோனது எங்க கேமரா... அப்பவே மெசேஜ் போட்டேனே!"